வாய் பேசா நோயாளியும் பைத்தரா கலையும்

மனித நோயாளி தன் வலியை எடுத்துரைப்பான். குதிரையும் ஒட்டகமும் உரைக்க மாட்டா. ஆதலால் கால்நடை மருத்துவம் மனித மருத்துவத்தினும் கடினமானது என்று கி.பி. 12ஆம் நூற்றாண்டிலேயே எழுதியவர் ஷாம் நாட்டு அறிஞர் அப்துர் ரஹ்மான் அஷ்ஷைஸரீ. சந்தைக் கண்காணிப்பாளரான முஹ்தஸிபின் கடமைகளை விளக்க அவர் இயற்றிய 'நிஹாயத்துர் ருத்பா' நூலில், கால்நடை மருத்துவராகிய 'பைத்தார்' குறித்துத் தனி அத்தியாயமே உண்டு. தொட்டும் பார்த்துமே நோயை அறிய வேண்டியிருப்பதால், தேர்ச்சியும் மார்க்கப் பேணுதலும் இல்லாதவர் விலங்குகளுக்குக் குருதி வாங்கவோ, அறுக்கவோ, சூடு போடவோ துணியலாகாது என்கிறார் அவர்.

இந்நெறி வானத்திலிருந்து விழுந்ததன்று. மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர் விளைவுக்குப் பொறுப்பாளி என்பதும், தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவர் மன்னிக்கப்பட்டார் என்பதும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனைகளே.

அக்காலத்தில் லாயமே மருத்துவமனை, அதுவே கல்விக்கூடம். கெய்ரோவில் மம்லூக் சுல்தான் அந்நாஸிர் முஹம்மதின் (இறப்பு 1341) லாயத்தில் பணியாற்றிய அபூபக்ர் இப்னு பத்ர், அதே தொழிலிலிருந்த தம் தந்தையிடம் கற்றவர். 'அந்நாஸிரீ' எனப் புகழ்பெற்ற அவரது நூலைப் பெரோன் என்பவர் பிரெஞ்சில் பெயர்த்து, 1852 முதல் 1860 வரை பாரிஸில் வெளியிட்டார். அதற்கு முன்பே பிரான்சின் லியோன் நகரில் 1762இல் நவீனக் கால்நடைக் கல்லூரி தோன்றியிருந்தது. எகிப்தின் ரஷீதில் 1827இலும், சென்னையில் 1903இலும் அத்தகைய கல்லூரிகள் உருவாயின. இன்றைய பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனையில் மாணவர் சோதிக்கிறார். ஆசிரியர் அதைச் சரிபார்த்த பின்னரே சிகிச்சை தொடர்கிறது. அன்று முஹ்தஸிப் காத்த எல்லையை இன்று ஆசிரியர் காக்கிறார்.

ஆயினும் சுல்தானின் குதிரைக்கு மருத்துவர் கிடைத்ததில் வியப்பில்லை. உழைத்து ஓய்ந்த கழுதையின் நிலை என்ன? முதுமையாலோ நோயாலோ பயனற்றுப் போன பிராணிக்கும் உணவளிப்பது உரிமையாளரின் கடமை என்று விடையளித்தார் இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) (இறப்பு ஹி. 660 / கி.பி. 1262). டமாஸ்கஸில் முதிய பிராணிகள் மேய்வதற்கென்றே ஒரு புல்வெளி வக்ஃபு செய்யப்பட்டிருந்ததாக முஸ்தஃபா அஸ்ஸிபாஈ (1915–1964) குறிப்பிடுகிறார்.

நம் அரபுக் கல்லூரிகளில் கால்நடைகளின் ஜகாத்தையும் குர்பானியின் நிபந்தனைகளையும் விரிவாகப் போதிக்கிறோம். 'நஃபகா' பாடத்தின் இறுதியில் வரும் பிராணிகளின் பராமரிப்புச் சட்டங்களையோ விரைந்து கடந்துவிடுகிறோம். வாய் பேசா நோயாளிக்காக நம் முன்னோர் பேசினர். அப்பக்கங்களில் நாமும் சற்று நின்று ஓதுவோமாக.