கைக்கடிகாரத் தேர்வு

கைக்கடிகாரம் என்பது மணிக்கட்டில் அணியப்படும் நேரங்காட்டி ஆகும். இந்தியாவில் எச்.எம்.டி. நிறுவனம் 1961 இல் சப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் இணைந்து பெங்களூரில் கைக்கடிகாரத் தொழிற்சாலையை அமைத்தது. தமிழ்நாட்டின் ஓசூரில், 1984 இல் டாட்டா குழுமமும் டிட்கோவும் இணைந்து தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் தொழிற்சாலை உள்ளது.

இயக்கம்

எச்.எம்.டி. சனதா போன்ற இயந்திரக் கடிகாரங்கள் சுருள்வில்லால் இயங்குவன. நாள்தோறும் சாவி கொடுக்க வேண்டும். குவார்ட்சு வகையில் மின்கலத்தின் ஆற்றலால் படிகம் ஒன்று நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஆகையால் விலை குறைந்த குவார்ட்சு கடிகாரமும் பொதுவாக விலை உயர்ந்த இயந்திரக் கடிகாரத்தைவிடத் துல்லியமானது.

நீர்த்தடுப்பு

"30 மீட்டர்" என்பது சோதனையில் தாங்கிய நீரழுத்தத்தைக் குறிக்கும். அந்த ஆழம்வரை அணியலாம் என்பதன்று. அக்கடிகாரம் மழைத்துளி, கை கழுவும்போது தெறிக்கும் நீர் ஆகியவற்றுக்கே ஏற்றது. கிணற்றிலோ ஆற்றிலோ நீந்துவோர் 100 மீட்டர் குறிப்புள்ளதைத் தேர்ந்தெடுத்தல் நன்று.