தூக்கும் எந்திரமும் சுருங்கும் தசையும்: பக்கவாதக் கைக்கான மறுவாழ்வு, திருவதிகையிலிருந்து ஒரு பார்வை

பக்கவாதத்தில் விழுந்த கைக்குக் 'கரண்டு வைப்பது' நம் பக்கத்துக்குப் புதிதல்ல. தோலில் பட்டையை ஒட்டி நோயாளியைப் படுக்கவைப்பார்கள். விரல்கள் தாமாகத் துள்ளுவதை வீட்டார் நம்பிக்கையோடு பார்த்திருப்பார்கள். அந்தத் துள்ளலில் நோயாளியின் முயற்சிக்கு இடமில்லை. ரோபோவையும் மின்தூண்டலையும் இணைக்க முனைவோர் இந்தக் குறையிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

1961இல் லிபர்சன் குழுவினர், நடக்கையில் தொய்ந்துவிழும் பாதத்தை உரிய கணத்தில் தந்த மின்துடிப்பால் தூக்கிக் காட்டினர். கணம் முக்கியம் என்பது அன்றே தெரிந்துவிட்டது. ஆனால் கையின் வேலை அவ்வளவு எளிதல்ல. எட்டி ஒரு சொம்பை எடுக்கத் தோள் உயர வேண்டும், முழங்கை நீள வேண்டும், மணிக்கட்டு நிமிர வேண்டும், விரல்கள் விரிய வேண்டும். மூளை ஏவும்போது எளிதில் களைக்காத சிறிய தசையிழைகள் முதலில் வேலைக்கு வரும். தோல்மேல் தரும் மின்சாரத்தில் அந்த ஒழுங்கு குலைந்து, சீக்கிரம் சோர்ந்துபோகும் பெரிய இழைகளும் தொடக்கத்திலேயே இழுபடுகின்றன. தசை விரைவில் ஓய்ந்துவிடுகிறது.

ரோபோவுக்குக் களைப்பில்லை. ஆனால் அதுவே கையைத் தூக்கிக்கொண்டு போனால் நோயாளி சும்மா இருந்துவிடுவார். பிரிட்டனில் 770 பேரைக் கொண்டு நடத்தி 2019இல் லான்செட் இதழில் வெளியான ராட்யூல்ஸ் ஆய்வில், வழக்கமான சிகிச்சையைவிட ரோபோப் பயிற்சி கைப்பயன்பாட்டைக் கூட்டவில்லை.

சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் 2009இல் வெளியிட்ட ஆய்வு வேறு வழியில் போனது. ரோபோ கையைத் தாங்கியது. முழங்கையை நீட்டும் மேற்கைப் பின்தசைக்கு மின்தூண்டல் தரப்பட்டது. நோயாளி தானும் முயன்றார். பாதையிலிருந்து கை எவ்வளவு விலகியது என்று கணினி ஒவ்வொரு முறையும் அளந்து, அடுத்த முறைக்கான மின்னளவைத் திருத்தியது. நோயாளியின் பங்கு கூடினால் மின்சாரத்தின் பங்கு குறையலாம். இந்த விதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பங்கேற்றவர்கள் ஐவர் மட்டுமே. அசைவும் வலுவும் மேம்பட்டன. பொருள்களைப் பிடித்தெடுக்கும் சோதனையில் மாற்றமில்லை. ஆகவே இதை நிரூபணம் என்று சொல்ல மாட்டேன்.

பிடித்தெடுக்கும் திறன் ஏன் அளவுகோலாக வேண்டும் என்பது திருவதிகையில் நிற்பவருக்கு விளங்கும். அப்பர் உழவாரம் ஏந்திக் கைத்தொண்டு செய்த ஊர் இது. பக்கத்துப் பண்ருட்டியில் முந்திரிக்கொட்டையைப் பிடிக்க ஒரு கை வேண்டும், உடைக்க ஒரு கை வேண்டும். மூட்டு எத்தனை பாகை மடங்கியது என்று எழுதிவைத்தால் அங்கே யாருக்கும் கூலி கிடைக்காது.

வீட்டாரிடமே பயிற்சியை ஒப்படைக்கலாமே என்பார்கள். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரிடம் நடந்த அட்டெண்ட் ஆய்வு (2017) அதைச் சோதித்தது. குடும்பத்தாருக்குப் பயிற்சி தந்தும் ஆறாம் மாதத்தில் வித்தியாசம் தெரியவில்லை. அன்புக்குக் குறைவில்லாத வீடுகள்தாம் அவை. அன்பால் மட்டும் மணிக்கட்டை நிமிர்த்த முடியாது.

நமக்கு ஏற்ற எந்திரம் பெரியதாக இருக்க வேண்டியதில்லை. சென்னை ஐஐடியும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும் உருவாக்கிய ப்ளூட்டோவில் ஒரே மோட்டார்தான். பிடிகளை மாற்றி மாட்டி மணிக்கட்டு, முன்கை, விரல்கள் ஆகியவற்றைப் பழக்கலாம். மேசைமேல் அடங்கும் இத்தகைய கருவியோடு, மணிக்கட்டை நிமிர்த்தும் தசைக்கு ஒரு மின்தூண்டியை இணைப்பதே அடுத்த படி. நோயாளி தாமே நிமிர்த்த முயலும்போது மட்டும் மின்சாரம் வர வேண்டும்.

பட்டையைச் சரியான இடத்தில் ஒட்டத் தேர்ச்சி வேண்டும். இதயமுடுக்கி பொருத்தியவர்களையும் வலிப்பு கட்டுப்படாதவர்களையும் முன்பே கண்டு விலக்க வேண்டும். இந்தத் தடைகள் உண்மையானவை. ஆனால் 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் ஏற்கெனவே வீட்டுக்கு வருகிறார். தேர்ச்சி பெற்ற கை வாசல்வரை வந்துவிட்டது.

சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி இந்த இணைப்பைச் சோதிக்கும் ஆய்வை முன்னின்று நடத்த வேண்டும். சிறிய ரோபோ மட்டும், ரோபோவோடு மின்தூண்டல், அதே நேரத்துக்குக் கைப்பயிற்சி என மூன்று குழுக்கள் போதும். முடிவை மட்டும், கொட்டையைப் பிடிக்கும் அந்தக் கையில் அளந்து சொல்லுங்கள்.