முதல் கவளம்

பசியால் செத்தவர்களைப் பற்றி நம்மிடம் நிறைய எழுத்து இருக்கிறது. பசித்துக் கிடந்து, கடைசியில் சோறு கிடைத்து, அந்தச் சோற்றாலேயே செத்தவர்களைப் பற்றி அவ்வளவாக இல்லை. என் தொழிலில் இதற்கு ரீஃபீடிங் சின்ட்ரோம் என்று பெயர். பட்டினி கிடந்த உடம்புக்கு மறுபடி உணவு ஊட்டும்போது வரும் கேடு. பொது மருத்துவப் பாடநூல்களில் அரிய சிக்கல்கள் வரிசையில் ஓரமாக நிற்கும். நாங்கள் படித்த காலத்தில் இது ரெண்டு மார்க் கேள்வி.

பின்னாளில் வார்டில் வேலை பார்க்க ஆரம்பித்த பிறகுதான் இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. மனிதர்கள் இதைத் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறார்கள், திரும்பத் திரும்ப மறந்திருக்கிறார்கள்.

பழைய சாட்சியம் ஒன்று கி.பி. முதல் நூற்றாண்டிலிருந்து வருகிறது. 70ஆம் ஆண்டு ரோமானியப் படை ஜெருசலேமை முற்றுகையிட்டது. நகருக்குள் கடும் பஞ்சம். அந்தப் போரை நேரில் கண்டு எழுதிய வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ், தப்பி வெளியேறி ரோமானியர் பக்கம் வந்தவர்களைப் பற்றிச் சொல்கிறார். உடம்பு வீங்கிப்போய் வந்தவர்கள், கிடைத்த உணவை ஆவலோடு அள்ளித் தின்று இறந்தார்கள். விவரம் தெரிந்து, ஆசையை அடக்கி, கொஞ்சம் கொஞ்சமாக உடம்பைப் பழக்கியவர்களே பிழைத்தார்கள். வயிறு தாங்காமல் வெடித்தது என்று அவர் நினைத்தார். காரணம் தவறு. ஆனால் கவனித்தது சரி, சொன்ன வைத்தியமும் சரி.

காரணம் வயிற்றில் இல்லை, ரத்தத்தில் இருக்கிறது. சாப்பாடு நின்றுபோனால் உடம்பு முதலில் சேமித்து வைத்த சர்க்கரையைச் செலவழிக்கும். ஓரிரு நாளில் அது தீர்ந்துவிடும். பிறகு கொழுப்பையும் தசையையும் கரைத்து ஓட்டும். இன்சுலின் சுரப்பு அடங்கிப்போகும். நாடி மெதுவாகும், உடல் வெப்பம் குறையும், இதயத்தசை மெலியும். வருமானம் நின்ற வீடு ஒவ்வொரு விளக்காக அணைப்பதுபோல. இந்தக் காலத்தில் செல்களுக்குள் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் மெல்ல மெல்லக் காலியாகிக்கொண்டிருக்கும். ரத்தப் பரிசோதனை செய்தால் அளவு இயல்பாகவே காட்டும். இந்த நோயின் பெரிய சூது அதுதான்.

இப்போது ஒரு தட்டு சோறு உள்ளே போகிறது. சர்க்கரை ஏறுகிறது, தூங்கிக்கொண்டிருந்த இன்சுலின் சட்டென்று எழுகிறது. செல்களெல்லாம் ஒரே நேரத்தில் கதவைத் திறந்து சர்க்கரையையும் கூடவே பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் உள்ளே இழுக்கின்றன. ரத்தத்தில் பாஸ்பரஸ் அளவு சாதாரணமாக ஒரு டெசிலிட்டருக்கு 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை இருக்கும். அது ஒன்றுக்கும் கீழே போகலாம். பாஸ்பேட் இல்லாமல் செல்லுக்கு ஆற்றல் இல்லை. மூச்சுத்தசை சோரும், இதயத்தின் தாளம் தவறும். சர்க்கரையை எரிக்க வேண்டிய தயமின் வைட்டமினும் தீர்ந்திருந்தால் மூளை பாதிக்கப்படும். கண் அசைவு தடுமாறும், நடை தள்ளாடும், நினைவு குழம்பும். இவை பெரும்பாலும் உணவு தொடங்கிய முதல் சில நாட்களில் நடப்பவை. அதாவது, "பரவாயில்லை, சாப்பிட ஆரம்பிச்சுட்டார்" என்று எல்லோரும் மூச்சு விடுகிற நாட்களில்.

எங்கள் வார்டுக்கு ஒருவர் வந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர், எடை நாற்பது கிலோதான். குடிப்பழக்கம். மூன்று வாரமாகச் சோறு என்று எதுவும் இறங்கவில்லை. முதல் நாள் ரத்தப் பரிசோதனையில் எல்லாம் ஒழுங்கு. தயமின் ஊசி போட்ட பிறகு, அளந்து அளந்து கஞ்சி கொடுக்கச் சொன்னோம். கூட இருந்த அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் சார், பசி பசின்னு கேக்குறான். இன்னும் நாலு இட்லி குடுத்தா என்ன ஆயிடும்?"

நான் அவரை உட்காரவைத்துக் கணக்குச் சொன்னேன். "அக்கா, ஒரு இட்லி கிட்டத்தட்ட அம்பது கலோரின்னு வச்சுக்கோங்க. இன்னிக்கு முழுக்க இவருக்கு நானூறுதான். ரெண்டு மூணு நாள் கழிச்சு நீங்களே ஊட்டலாம்." அவர் தலையாட்டினார். முகத்தில் சமாதானமில்லை. இரண்டாம் நாள், இவ்வளவு சிக்கனமாகக் கொடுத்தும், பாஸ்பரஸ் 1.1க்கு இறங்கியது. நரம்பு வழியாக ஏற்றி, மணிக்கொரு தரம் பார்த்துக் கரையேற்றினோம். பத்தாம் நாள் அவர் நடந்து வீட்டுக்குப் போனார். அந்த நானூறு கலோரி எங்கிருந்து வந்தது? அதற்குப் பின்னால் இருப்பவர்கள் யார்?

1942, வார்சா. போலந்துத் தலைநகரின் ஒரு மூலையில் நாஜிகள் சுவரெழுப்பி நாலு லட்சத்துக்கும் அதிகமான யூதர்களை அடைத்துவைத்திருந்தார்கள். அதிகாரபூர்வ ரேஷன் ஒருவருக்கு ஒரு நாளைக்கு இருநூறு கலோரிகூட இல்லை. கடத்தி வந்த உணவால்தான் மற்றவர்கள் உயிரோடு இருந்தார்கள். உள்ளே யூத மருத்துவமனைகள் இயங்கின. மருந்தில்லை, உணவில்லை. இருந்ததெல்லாம் நோயாளிகளும் படித்த மருத்துவர்களும்தான். இஸ்ராயேல் மிலெய்கோவ்ஸ்கி என்ற மருத்துவரின் தலைமையில் அவர்கள் ஒரு முடிவெடுத்தார்கள். தீர்க்க முடியாத இந்தப் பசியை, குறைந்தபட்சம் அளந்து எழுதிவைப்போம்.

அந்த ஆண்டு பிப்ரவரியில் ஆய்வு தொடங்கியது. கருவிகள் கடத்தி வரப்பட்டன. நாடி, ரத்த அழுத்தம், உடல் வெப்பம், ரத்தச் சர்க்கரை, கண், தோல், குழந்தைகளின் வளர்ச்சி எல்லாம் பதிவாயின. இறந்தவர்களின் உறுப்புகள் எடைபோடப்பட்டன. அளப்பவர்களும் பட்டினி. ஜூலை 22 அன்று ட்ரெப்லிங்கா கொலைமுகாமுக்கு ரயில்கள் ஓட ஆரம்பித்தன. செப்டம்பருக்குள் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டோர் கொண்டுபோகப்பட்டார்கள். ஆய்வகம் அழிந்தது. எஞ்சிய மருத்துவர்கள் கல்லறைத்தோட்டக் கட்டடம் ஒன்றில் கூடி, மிஞ்சிய தாள்களை வைத்து எழுதி முடித்தார்கள். கையெழுத்துப் பிரதி சுவருக்கு வெளியே வித்தோல்ட் ஓர்லோவ்ஸ்கி என்ற பேராசிரியரிடம் போய்ச் சேர்ந்தது. 1943 ஜனவரியில் மிலெய்கோவ்ஸ்கி இறந்தார். பங்கேற்ற மருத்துவர்களில் பெரும்பாலானோர் போரைத் தாண்டவில்லை. புத்தகம் 1946இல் போலிஷ் மொழியிலும் பிரெஞ்சிலும் வெளிவந்தது. பட்டினி வெறும் இல்லாமை அல்ல, தனக்கென்று விதிகள் உள்ள ஒரு நோய் என்பதுதான் அதன் சாரம்.

அந்தப் புத்தகம் வருவதற்கு ஓராண்டு முன்பே அதன் தேவை வந்துவிட்டது. 1945 ஏப்ரல் 15 அன்று பிரிட்டிஷ் படை பெர்கன்-பெல்சன் முகாமுக்குள் நுழைந்தபோது ஏறக்குறைய அறுபதாயிரம் பேர் உயிரோடு இருந்தார்கள். சிப்பாய்கள் கண்ட காட்சியில் மனமுடைந்து, தங்களிடமிருந்த டின் இறைச்சியையும் கொழுப்பு மிகுந்த உணவையும் பகிர்ந்தார்கள். யார்தான் கொடுக்காமல் இருப்பார்கள்? விடுதலைக்குப் பிறகான வாரங்களில் பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். டைஃபஸ், காசநோய், வயிற்றுப்போக்கு எல்லாம் சேர்ந்த சாவுகள் இவை. உணவின் பங்கை மட்டும் தனியே பிரித்தெடுக்க முடியாது. ஆனால் கனமான உணவு பலரைக் கொன்றது என்று அங்கிருந்த மருத்துவர்கள் உணர்ந்தார்கள்.

அவசரமாக அவர்கள் தேடியபோது கிடைத்த வைத்தியம் எங்கிருந்து வந்தது தெரியுமா? வங்காளத்திலிருந்து. 1943 வங்கப் பஞ்சத்தில் பயன்பட்ட ஒரு கலவை, பால்பொடியும் மாவும் சர்க்கரையும் உப்பும் கலந்தது, "வங்காளப் பஞ்சக் கலவை" என்ற பெயரோடே பெல்சனுக்கு வந்தது. கிழக்கு ஐரோப்பிய நாக்குக்கு அதன் தித்திப்பு பிடிக்கவில்லை. பலர் தொடவே மறுத்தார்கள். புரதக் கரைசலை ஊசிவழி ஏற்றப் போனபோது சிலர் அலறினார்கள். முகாம்களில் நாஜிகள் ஊசி போட்டுக் கொன்றதை அறிந்தவர்கள் அவர்கள். கடைசியில் பழக்கமான சூப்பும் பொறுமையும்தான் உதவின.

அதே நேரத்தில் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்ஸல் கீஸ் என்ற உடலியலாளர், போரிட மறுத்த 36 இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டு, பிறகு உணவூட்டி ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர்கள் உடல் எடையில் ஏறக்குறைய கால்பங்கு போனது. 1950இல் அது இரண்டு பெரிய தொகுதிகளாக வந்தது. 1951இல் இன்னொரு கட்டுரை. பிலிப்பைன்ஸ் காடுகளில் பட்டினி கிடந்து சரணடைந்த ஜப்பானியப் போர்க்கைதிகளுக்கு அமெரிக்க மருத்துவர்கள் நல்ல உணவும் வைட்டமினும் கொடுத்தார்கள். அப்படியும் ஐவரில் ஒருவர் இறந்தார்.

இவ்வளவும் அச்சில் இருந்தது. 1960களின் இறுதியில் ஸ்டான்லி டட்ரிக்கும் அவரது குழுவினரும் பெரிய ரத்தநாளத்தின் வழியே முழு உணவையும் செலுத்தும் முறையை உருவாக்கினார்கள். குடலே வேலை செய்யாதவர்களையும் வாழவைக்கலாம் என்றானது. பெரிய சாதனைதான். ஆனால் அந்த உற்சாகத்தில், மெலிந்து கிடந்தவர்களுக்கு முதல் நாளிலேயே முழு அளவு ஏற்றினார்கள். 1981இல் வைன்சியர், க்ரும்டீக் என்ற இரு மருத்துவர்கள் அப்படி இறந்த இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். இருவரும் மெலிந்திருந்தார்கள், ஆனால் நிலையாக இருந்தார்கள். ஊட்டிய பிறகே பாஸ்பேட் சரிந்து, இதயமும் நுரையீரலும் கைவிட்டன. அந்தக் கட்டுரை புதிய நோய் ஒன்றைக் கண்டதாகச் சொல்லவில்லை. மறந்துபோனதை மறுபடி பார்க்கிறோம் என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டது. 2006இல் பிரிட்டனின் தேசிய வழிகாட்டி, ஆபத்து மிகுந்தவர்களுக்குக் கிலோவுக்கு அதிகபட்சம் 10 கலோரி, மிக மோசமானவர்களுக்கு 5 என்று தொடங்கச் சொன்னது. எங்கள் நானூறு அங்கிருந்து வந்தது. பின்னால் வந்தவை சற்றுத் தாராளம், ஆனால் மெதுவாகத் தொடங்கு என்பது மாறவில்லை.

ஏன் மறந்தார்கள்? எனக்குத் தோன்றுவது இது. இந்த அறிவெல்லாம் முற்றுகை, சிறை, பஞ்சம் என்று மருத்துவமனைக்கு வெளியே பிறந்தது. அதைப் பெற்றுத் தந்தவர்கள் அகதிகள், கைதிகள், அடைக்கப்பட்டவர்கள். வெள்ளைப் படுக்கை விரித்த வார்டில் கிடப்பவரை யாரும் பட்டினியாளராகப் பார்ப்பதில்லை. அவர் புற்றுநோய்க்காரர், குடிநோயாளி, அறுவை சிகிச்சைக்கு வந்தவர். பசி என்பது வேறு எங்கோ, வேறு யாருக்கோ.

நமக்கு அந்தச் சாக்குக்கூட இல்லை. சென்னையின் ஸ்டான்லி மருத்துவமனையின் வேர், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பஞ்சத்தில் வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தில் இருக்கிறது. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே மக்கள் அதை அழைத்தார்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தின்போது நிவாரணக் கூலியை ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானிய அளவுக்கு ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். அது உயிர்வாழப் போதாது என்று மதராஸின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்களின் உடல்களைப் பரிசோதித்து அலெக்சாண்டர் போர்ட்டர் எழுதிய நூல் 1889இல் மதராஸிலேயே அச்சானது. வார்சாவுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே பசியின் பிரேதப் பரிசோதனை நம் ஊரில் நடந்திருக்கிறது. எங்கள் வகுப்பில் யாரும் அதைச் சொன்னதில்லை.

மணிமேகலையில் யானைத்தீ என்னும் தீராப் பசி நோயால் வாடிய காயசண்டிகைக்கு அமுதசுரபியின் ஒரு பிடி போதுமானதாக இருந்தது. காப்பியத்தில் அது அற்புதம். வார்டில் ஒரு பிடி என்பது டோஸ். கஞ்சிக்கும் தனி மகிமை இல்லை, அதையும் அளவு மீறிக் கொடுத்தால் ஆபத்துதான். கருணைக்கு அளவு வேண்டும் என்பதைத்தான் அந்த மருத்துவர்கள் பசியோடே உட்கார்ந்து எழுதிவைத்தார்கள்.

இதைத் தடுக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. நான் பார்த்த கேஸ் ஷீட்டுகளில் பிரஷருக்கு ஒரு கட்டம் உண்டு, சுகருக்கு உண்டு, அலர்ஜிக்கு உண்டு. பசிக்குக் கட்டம் இல்லை. அதனால் இப்போதெல்லாம் என்னோடு வேலை செய்யும் ஹவுஸ் சர்ஜன்களிடம், மற்றதெல்லாம் எழுதுவதற்கு முன்னால் தாளின் ஓரத்தில் ஒரு கேள்வியை எழுதச் சொல்கிறேன்: "கடைசியா எப்போ வயிறாரச் சாப்பிட்டீங்க?"