மனச்சோர்வு மருந்துகளை மாற்றும் முறையின் வரலாறு

மனச்சோர்வுக்காகப் பல ஆண்டுகள் உட்கொண்டுவந்த மாத்திரை பலனிழந்ததாகத் தோன்றும்போது, மருத்துவர் வேறொரு மருந்துக்கு மாற்றுவது இன்று வழக்கமாக உள்ளது. இவ்வழக்கத்தின் வயது எழுபது ஆண்டுகளுக்கும் குறைவு. மாற்றிக்கொள்ள இன்னொரு மருந்து கிடைத்த பிறகே இக்கேள்வி எழுந்தது.

முதல் இரண்டு மருந்துகளும் தற்செயலாகக் கிடைத்தவை. ஐப்ரோனியாசிட் காசநோய்க்கென உருவானது. 1952இல் நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவிலுள்ள சீ வியூ மருத்துவமனையில் அதை உட்கொண்ட நோயாளிகளிடம் வழக்கத்துக்கு மாறான உற்சாகம் காணப்பட்டது. 1957இல் நேதன் கிளைன் அதை மனச்சோர்வுக்கான மருந்தாக முன்வைத்தார். அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் மூன்ஸ்டர்லிங்கன் மருத்துவமனையைச் சேர்ந்த ரோலண்ட் கூன், இமிப்ரமின் பற்றிய தன் ஆய்வை வெளியிட்டார். மனச்சிதைவுக்கு உதவுமா என்று கெய்கி நிறுவனம் சோதிக்கக் கொடுத்த பொருள் அது. அதற்கு உதவாமல், மனச்சோர்வுக்கு உதவியது.

ஒன்று பலிக்காவிட்டால் மற்றொன்று என்ற எண்ணம் இயல்பாகவே வந்தது. ஆனால் அதில் ஆபத்து இருந்தது. ஐப்ரோனியாசிட் வகை மருந்துகள் மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்னும் நொதியை முடக்குகின்றன. மாத்திரையை நிறுத்தினாலும் உடல் அந்த நொதியைப் புதிதாக உருவாக்கும் வரை அதன் விளைவு நீடிக்கும். அந்த இடைவெளியில் இமிப்ரமின் கொடுக்கப்பட்ட சிலருக்குக் கடும் காய்ச்சலும் வலிப்பும் வந்தன, மரணங்களும் பதிவாயின. இவ்வகை மருந்து உண்பவர்களுக்குப் பாலாடைக்கட்டிகூட ஆகாது என்பதை லண்டனில் பாரி பிளாக்வெல் 1963இல் எடுத்துக்காட்டினார். பாலாடைக்கட்டி தின்றதும் மனைவிக்குக் கடும் தலைவலி வந்ததாக நாட்டிங்காமைச் சேர்ந்த மருந்தாளர் ஒருவர் எழுதிய கடிதமே அவருக்குத் துப்பாக அமைந்தது. இரு மருந்துகளுக்கிடையே ஏறத்தாழ 14 நாள் இடைவெளி வேண்டும் என்ற விதி இத்தகைய அனுபவங்களிலிருந்து உருவானது.

1987 இறுதியில் அமெரிக்காவில் புளுவாக்செட்டின் அனுமதிக்கப்பட்டது. 'புரோசாக்' என்ற பெயரில் விற்பனையான இம்மருந்து பழைய மருந்துகளைவிடப் பாதுகாப்பானது. எனினும் அதன் வளர்சிதைப்பொருள் உடலை விட்டு மெதுவாகவே நீங்கும். எனவே அதிலிருந்து பழைய நொதித்தடுப்பு மருந்துக்கு மாற 5 வாரம் காத்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட காத்திருப்பு நாள்களே நோயாளிக்குக் கடினமானவை. பழைய மருந்தின் துணை போய்விடும், புதியது இன்னும் தொடங்கியிராது. புதிய மருந்துகள் பலவற்றுக்குள் மாறும்போது இவ்வளவு இடைவெளி தேவைப்படுவதில்லை. ஒன்றைப் படிப்படியாகக் குறைத்தபடியே மற்றதைக் கூட்டும் முறையும் பரவியது.

மருந்துகள் பெருகிய பின்னும், எதற்கு மாறுவது என்பதற்கு விடை இல்லை. அதைத் தேடிய மிகப் பெரிய முயற்சி, அமெரிக்க அரசின் நிதியில் 4,041 பேருடன் நடந்த ஸ்டார்-டி ஆய்வு. முதல் மருந்தான சிட்டலோபிராம் போதாதவர்களில் மாற்றத்துக்கு உடன்பட்டோருக்கு புப்ரோபியான், செர்ட்ராலின், வென்லாஃபாக்சின் ஆகியவற்றுள் ஒன்று தரப்பட்டது. 2006இல் முடிவுகள் வெளிவந்தன. எதற்கு மாறினாலும் ஏறக்குறைய நான்கில் ஒருவரே முழுமையாகத் தேறினர். மூன்றில் எதுவும் மற்றதைவிடத் தெளிவாக மேலானதாக இல்லை. நான்கு கட்டங்களையும் கடந்தால் மொத்தம் 67 விழுக்காட்டினர் தேறுவர் என்ற மதிப்பீடு பல ஆண்டுகள் மேற்கோள் காட்டப்பட்டது. 2023இல் எட் பிகாட் குழுவினர் மூலத்தரவுகளை மீண்டும் கணக்கிட்டு, அது 35 விழுக்காடே என்றனர். ஆய்வை நடத்தியவர்கள் இதை ஏற்கவில்லை.

இந்த ஆய்வு தொடக்கத்திலேயே பலன் பெறாதவர்களைப் பற்றியது என்பது பலமுறை மறக்கப்படுகிறது. நெடுநாள் பலித்த மருந்து பின்னர் தளர்வது வேறு நிலை. டேக்கிஃபிலாக்சிஸ் என்ற பெயர் அதற்கு வழங்கினாலும், காரணம் மருந்தில்தான் இருக்கிறது என்பதற்கு உறுதி இல்லை. மாத்திரைகள் தவறியிருக்கலாம், தைராய்டு குறைந்திருக்கலாம், குடிப்பழக்கம் கூடியிருக்கலாம், நோயே இருமுனையக் கோளாறாக இருக்கலாம். மாற்றுமுன் மருத்துவர்கள் இவற்றை விசாரிப்பது இதனால்தான். நோய் தன் போக்கில் திரும்புவதும் உண்டு. 2021இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று, நெடுநாள் மருந்தால் நலமாக இருந்து, நிறுத்துவதைப் பற்றி யோசித்த 478 பேரைப் பின்தொடர்ந்தது. ஓராண்டுக்குள் மருந்தை நிறுத்தியோரில் 56 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. மருந்தைத் தொடர்ந்தோரிலும் 39 விழுக்காட்டினருக்குத் திரும்பியது.