ஈடு

‘முதல் ஈடு இட்லி வெந்துவிட்டது’ என்கிறோமே, அந்த ஈடு, ‘இடு’ என்னும் வினையின் முதலெழுத்து நீண்டு பிறந்த பெயர். கெடு, கேடு ஆனதுபோல. ஒரே தடவையில் இடும் அளவு என்பது பொருள். ஆங்கிலத்து ‘பேட்ச்’சும் அடுப்படிச் சொல்தான்: சுடுதலைக் குறிக்கும் பழைய வினையோடு உறவுடையது, முதலில் ஒன்றாகச் சுட்டெடுத்த ரொட்டிகளைக் குறித்தது. கல்லூரி பேட்ச் எல்லாம் பிற்பாடு.

லினக்ஸின் நினைவக மேலாண்மையில் ‘ஈடு’ என்னும் சொல்லுக்கு நல்ல வேலை. நிரலின் முகவரி உண்மையில் நினைவகத்தில் எங்கே என்று சொல்வது பக்க அட்டவணை. பக்கம் 4 கேபி என்றால் 2 எம்பிக்கு அதில் 512 பதிவுகள். பதிவைத் திருத்தினால் மட்டும் போதாது. செயலி, டிஎல்பி என்னும் தன் சிறு தற்காலிகச் சேமிப்பில் வைத்திருக்கும் பழைய நகலையும் அழிக்க வேண்டும். இன்டெல் வகைச் செயலிகளில் பெரும்பாலும் மற்ற கோர்களுக்குக் குறுக்கீடு அனுப்பிக் காத்திருக்கவும் வேண்டும். செலவே இங்குதான். பதிவுக்கு ஒருமுறை இதைச் செய்வது வீண். அதனால் பதிவுகளை ஓர் ஈடாக நீக்கிவிட்டு, கடைசியில் ஒரே அழிப்பு. லினக்ஸில் இதைச் செய்வது ‘எம்எம்யூ கேதர்’. அழிப்பு முடியும்வரை அந்தப் பக்கங்களை வேறெவருக்கும் கொடுக்காமல் பிடித்து வைப்பதும் அதுவே. கொடுத்துவிட்டால், பழைய நகலை நம்பும் ஒரு கோர் அடுத்தவர் தரவின்மேல் எழுதிவிடும்.