லாரி எஞ்சின் பெல்ட்: பழுதறிதலின் வரலாறு

டீசல் லாரி எஞ்சினின் முன்பக்கத்தில் புல்லிகளைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டை ‘பெல்ட்’ எனப்படுகிறது. இது கிராங்க் தண்டின் சுழற்சியை வாங்கி ரேடியேட்டர் ஃபேன், தண்ணீர் பம்பு, ஆல்டர்னேட்டர் போன்றவற்றுக்குக் கொண்டு சேர்க்கிறது. பட்டறைகளில் இதற்கு இன்றும் ‘ஃபேன் பெல்ட்’ என்றே பெயர். பெயர் மாறவில்லை என்றாலும் பெல்ட்டின் வடிவமும் அது செய்யப்படும் ரப்பரும் மாறிவிட்டன. பழைய பெல்ட்டின் பழுதைக் காட்டிய அடையாளங்கள் பல, புதிய பெல்ட்டுக்குப் பொருந்துவதில்லை. இந்த மாற்றத்தைப் புரிந்துகொள்ளத் தருமபுரி மாவட்டத்தின் நெடுஞ்சாலை நல்ல எடுத்துக்காட்டு.

தொப்பூர் ஏற்றம்

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்திலும், தருமபுரி சுமார் 460 மீட்டர் உயரத்திலும், பெங்களூரு 900 மீட்டருக்கு மேலும் உள்ளன. சேலத்திலிருந்து பெங்களூருக்குச் சரக்கு கொண்டு செல்லும் லாரி 600 மீட்டருக்கும் மேல் ஏற வேண்டும். அதில் முதலில் வரும் கடினமான பகுதி தொப்பூர் கணவாய். முன்பு தேசிய நெடுஞ்சாலை 7 என்று அழைக்கப்பட்ட இச்சாலை, 2010ஆம் ஆண்டு எண் மாற்றத்துக்குப் பின் ஸ்ரீநகர்–கன்னியாகுமரி நெடுஞ்சாலை 44இன் பகுதியாக உள்ளது.

தொப்பூர் என்றதும் தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் லாரிகளின் விபத்துகளே பலருக்கும் நினைவுக்கு வரும். அவற்றில் பேசப்படுவது பிரேக், கியர், வேகம் ஆகியவை. ஏற்றத்தின் சிக்கல் வேறு. ஏறும் லாரி தாழ்ந்த கியரில் மெதுவாகப் போகிறது. எஞ்சின் முழு வலுவுடன் உழைக்கும்போது எதிர்க்காற்று குறைவாக இருப்பதால், வெப்பத்தை வெளியேற்றும் பொறுப்பு முழுவதும் ஃபேன் மீதும் தண்ணீர் பம்பு மீதும் விழுகிறது. பெரும்பாலான எஞ்சின்களில் இவை பெல்ட்டை நம்பியே சுழல்கின்றன. எனவே சமவெளியில் வெளிப்படாத பெல்ட் பழுது இங்கே வெளிப்படும்.

டீசல் எஞ்சினில் தீப்பொறிக்கு வேலை இல்லை. காற்றை அழுத்துவதால் உண்டாகும் வெப்பத்திலேயே எரிபொருள் எரிகிறது. டீசல் பம்பும் பெரும்பாலும் பற்சக்கரத்தால் இயங்குகிறது. அதனால் பெல்ட் அறுந்தாலும் எஞ்சின் உடனே நிற்காது. சார்ஜ் விளக்கு எரிவதை ஓட்டுநர் கவனிக்காமல் ஏற்றத்தில் தொடர்ந்து ஏறினால், சில நிமிடங்களில் தண்ணீர் கொதித்து, ஹெட் கேஸ்கட் போகலாம். சிலிண்டர் ஹெட்டே விரிசல் விடலாம். நூற்றுக்கணக்கில் முடியும் செலவு பல்லாயிரங்களாக உயரும். பழுதாகி வளைவில் நின்றுவிடும் லாரி பின்னால் வருவோருக்கும் ஆபத்து.

வி-பெல்ட் காலம்

தொடக்க கால எஞ்சின்களில் தோலாலான தட்டைப் பட்டைகளே ஃபேனைச் சுழற்றின. 1917இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜான் கேட்ஸ் உருவாக்கிய ரப்பர் வி-பெல்ட் அவற்றின் இடத்தைப் பிடித்தது. ஆப்பு வடிவம் கொண்ட இந்தப் பெல்ட், புல்லியின் பள்ளத்தில் இரு பக்கச் சுவர்களையும் பற்றிக்கொண்டு ஓடுகிறது.

1948இல் சென்னையில் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. 1954இல் டாட்டா நிறுவனம் மெர்சிடிஸ்-பென்ஸ் கூட்டுறவுடன் ஜாம்ஷெட்பூரில் லாரி உற்பத்தியைத் தொடங்கியது. 1965இல் சேலத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமானபோது, அதன் வழியே சென்ற லாரிகளில் இவ்விரு நிறுவனங்களின் லாரிகளே மிகுதி. 1980இல் அசோக் லேலண்டின் ஒசூர் ஆலை தொடங்கப்பட்டபோது ஒசூரும் தருமபுரி மாவட்டத்திலேயே இருந்தது. 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தபின் அது அங்கே சேர்ந்தது.

இந்தக் காலத்துப் பழுதறிதல் கையாலும் கண்ணாலும் நடந்தது. இரண்டு புல்லிகளுக்கு நடுவில் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை இறங்க வேண்டும். அதிகம் இறங்கினால் ஆல்டர்னேட்டரின் போல்ட்டைத் தளர்த்தி, கடப்பாரையால் நெம்பி, மீண்டும் முறுக்கினால் போதும். பெல்ட் பள்ளத்தின் அடியைத் தொட்டு, அங்கே பளபளப்பு தெரிந்தால் அது தேய்ந்துவிட்டது என்று பொருள். அடிப்பக்கம் வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் மாற்று பெல்ட் ஒன்று தொங்கும். இரண்டு மூன்று பெல்ட்டுகள் தனித்தனியாக ஓடிய எஞ்சின்களில் ஒன்று அறுந்தாலும் மற்றவை தம் வேலையைச் செய்தன.

ஒற்றைப் பெல்ட்டின் வருகை

அடுத்த மாற்றம் பல விலாக்கள் கொண்ட தட்டையான பெல்ட். மெல்லியதாக இருப்பதால் இது இரு பக்கமும் வளையும். எல்லா உறுப்புகளையும் ஒரே பெல்ட்டால் சுற்றி வரலாம். பாம்பு போல வளைந்து நெளிந்து ஓடுவதால் ஆங்கிலத்தில் இதற்கு ‘சர்பென்டைன் பெல்ட்’ என்று பெயர் வந்தது. 1979இல் ஃபோர்டு மஸ்டாங் காரில் இது அறிமுகமானது. 1980களில் வந்த கம்மின்ஸ் பி வரிசை டீசல் எஞ்சின்கள் இந்த ஒற்றைப் பெல்ட்டையும், அதைத் தானாகவே இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் டென்ஷனரையும் கொண்டிருந்தன. 1993இல் டாட்டா கம்மின்ஸ் கூட்டு நிறுவனம் உருவானபின் இவ்வரிசை எஞ்சின்கள் இந்திய லாரிகளிலும் இடம்பெற்றன.

பெல்ட்டின் முதுகில் உள்ள எழுத்துகள் அதன் அளவைச் சொல்கின்றன. ‘8 பி.கே. 1500’ என்றால் 8 விலாக்கள், 1500 மில்லிமீட்டர் நீளம். இதில் ஓட்டுநர் நெம்பி இறுக்க எதுவும் இல்லை. ஆனால் ஒரே பெல்ட் அறுந்தால் ஃபேன், தண்ணீர் பம்பு, ஆல்டர்னேட்டர் எல்லாம் ஒரே நேரத்தில் நிற்கும்.

மாறிய அடையாளங்கள்

முந்தைய பெல்ட்டுகள் நியோபிரீன் ரப்பரால் ஆனவை. அவை முதுமையடையும்போது வெடிக்கும். பிறகு வந்த இ.பி.டி.எம். ரப்பர் வெப்பத்தைத் தாங்கும், எளிதில் வெடிக்காது. அது வாகன டயரைப் போல மெல்லத் தேய்கிறது. விலாக்களுக்கு இடையேயான பள்ளம் அகலமாகி, பெல்ட் புல்லிக்குள் ஆழமாக உட்கார்ந்து வழுக்கத் தொடங்கும். ‘வெடிப்பு இல்லை, பெல்ட் நன்றாக இருக்கிறது’ என்ற பழைய முடிவு இங்கே ஏமாற்றிவிடும். பள்ளத்தின் ஆழத்தைக் காட்டும் சிறிய பிளாஸ்டிக் அளவுகோலே இன்று நம்பத்தக்கது.

கட்டைவிரல் சோதனையும் பயன் இழந்தது. ஸ்பிரிங் டென்ஷனர் பெல்ட்டை எப்போதும் இழுத்துப் பிடிப்பதால் பார்க்க வேண்டியது டென்ஷனரைத்தான். எஞ்சின் மெதுவாக ஓடும்போது அதன் கை துடித்து ஆடினால் அது வலுவிழந்துவிட்டது.

ஒலியும் ஒரு சான்று. நீண்ட கிறீச்சொலி வழுக்கலையும், விட்டுவிட்டு வரும் ‘கீச், கீச்’ ஒலி புல்லிகள் நேர்கோட்டில் இல்லாததையும் காட்டுகின்றன. எஞ்சின் ஓடும்போது, ஃபேனுக்கு எட்டத்தில் நின்று, விலாப் பக்கம் சிறிது தண்ணீர் தெளித்தால் இரண்டையும் பிரித்தறியலாம். ஒலி சற்று நேரம் அடங்கினால் புல்லிகளின் நேர்கோட்டைப் பார்க்க வேண்டும். ஒலி கூடினால் டென்ஷனரைப் பார்க்க வேண்டும். ஐயம் நீடித்தால் எஞ்சினை நிறுத்திப் பெல்ட்டைக் கழற்றி, ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றினால் எந்தப் பேரிங் கரகரக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஒலி வரும்போது சோப்பைத் தேய்ப்பதும் பசை தெளிப்பதும் சான்றை மறைக்குமே தவிர பழுதை நீக்காது. ஆயில் அல்லது கூலன்ட் கசிவால் ஊறிப்போன பெல்ட்டை மாற்றினாலும், கசிவை அடைக்காவிட்டால் புதியதும் விரைவில் கெடும்.

ஏற்றத்தில் மட்டும் வரும் ஒலி

சமவெளியில் அமைதியாக ஓடும் லாரி தொப்பூர் ஏற்றத்தில் மட்டும் கத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. பல லாரிகளில் ஃபேனுக்கு கிளட்ச் இருக்கிறது. எஞ்சின் சூடேறியபின்தான் அது ஃபேனை முழு வேகத்தில் சுழற்றும். அந்த நேரத்தில் பெல்ட்டின் சுமை திடீரென்று கூடும். தேய்ந்த பெல்ட் வழுக்கும். பட்டறையில் நிறுத்திவைத்துப் பார்த்தால் இது தெரியாது. எனவே ஒலி எங்கே, எந்த கியரில், எவ்வளவு சுமையுடன் வந்தது என்று ஓட்டுநர் சொல்லும் விவரம், கருவிகளுக்கு இணையான சான்றாகிறது.

புதிதாகத் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறையில் குளிர்சாதன வசதி 2025இல் கட்டாயமானது. அதன் கம்ப்ரஸரும் பெல்ட்டால் சுழல்வதால் பெல்ட்டின் மேல் இன்னொரு சுமை கூடியுள்ளது. பெல்ட்டை மாற்றுவதோடு நின்றுவிடாமல், அது ஏன் கெட்டது என்று டென்ஷனர், பேரிங், கசிவு ஆகியவற்றில் தேடுவதே இன்றைய பழுதறிதலின் முதல் விதி.