கூடை மண்

எங்க அம்மா ஏரிக்கரைக்கு மண் சுமந்தவள். சும்மாடு கட்டி, கூடையைத் தலைக்கு ஏற்றி, கரையில் கொட்டிவிட்டுத் திரும்பி வருவாள். பாதி போட்ட கரையில் ஒரு மழை அடித்தால் மறுநாள் காலையில் விரல் விரலாக ஓடை விழுந்து கிடக்கும். "நேத்து கூலி தண்ணியில போச்சு" என்பாள்.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள ஒரு மண்மேட்டைப் பற்றிப் படித்தபோது அந்த ஓடைகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. மேட்டின் உயரம் 22 மீட்டர். இரண்டு லட்சம் கனமீட்டருக்கு மேல் மண். வெட்டிப் பார்த்தால் கூடை கூடையாகக் கொட்டியது இன்னும் தனித்தனி நிறமாகத் தெரிகிறது. ஆனால் அடுக்குகளுக்கு நடுவில் மழை அரித்த தடம் இல்லை. அதை வைத்துத்தான், சில மாதங்களுக்குள் கொட்டி முடித்திருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். எத்தனை தலைகள், எத்தனை நடை!

அந்த இடத்துக்குப் பெயர் பாவர்ட்டி பாயின்ட். வறுமை முனை என்று சொல்லலாம். 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த ஒரு தோட்டத்தின் பெயர் அது. கட்டினவர்கள் வைத்த பெயர் என்னவோ, யாரிடம் கேட்பது? பெரிய மேட்டைப் பற்றி 1873லேயே எழுதிவிட்டார்கள். ஆனால் பக்கத்து வயலில் இருந்தது யாருக்கும் பிடிபடவில்லை. நின்று பார்த்தால் லேசான மேடு, லேசான பள்ளம், அவ்வளவுதான். ஏர் ஓட்டி ஓட்டிச் சில இடங்களில் ஓரடி உயரம்தான் மிச்சம். 1953இல் ஜேம்ஸ் ஃபோர்டு என்ற ஆய்வாளர், ராணுவப் பொறியாளர்கள் விமானத்திலிருந்து எடுத்து வைத்திருந்த பழைய படங்களைப் பார்த்தார். ஒன்றுக்குள் ஒன்றாக ஆறு அரைவட்டக் கரைகள்! வெளிக்கரையின் குறுக்களவு ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர். இத்தனை பெரிசு என்பதால்தான் மேலே நடந்தவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

உருவம் கிடைத்தது. காலம்? கல்வெட்டு இல்லை, காசு இல்லை. கரித்துண்டுகளைச் சோதித்துத்தான் கி.மு. 1700க்கும் 1100க்கும் இடைப்பட்டது என்று வந்தது. கட்டினவர்கள் உழவர்கள்கூட இல்லை. மீன் பிடித்து, வேட்டையாடி, காய் கொட்டை பொறுக்கித் தின்றவர்கள். ராஜாவும் களஞ்சியமும் இல்லாமல் இவ்வளவு பெரிய வேலை நடக்காது என்று எழுதி வைத்தவர்கள் திணறிப் போனார்கள்.

திணறல் புதிசு இல்லை. அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் இப்படி மண்மேடுகள் ஏராளம். அதையெல்லாம் அந்த மண்ணின் பூர்வகுடிகள் கட்டினார்கள் என்று ஒப்புக்கொள்ள வெள்ளையர்களுக்கு மனசு வரவில்லை. தொலைந்துபோன இஸ்ரவேல் கோத்திரம் என்றார்கள், வேல்ஸ்காரர்கள் என்றார்கள். ஒஹாயோ மேடுகளை அளந்து 1820இல் எழுதிய கேலப் அட்வாட்டர், இந்தியாவிலிருந்து வந்த இந்துக்கள் கட்டியது என்றார். (பாருங்கள், கட்டினவனை மறைக்க அங்கேயும் நம்ம ஊர்ப் பெயர்தான் கைகொடுத்திருக்கிறது.)

இது ஏதோ படித்தவர்களின் கற்பனை என்று விட்டுவிட முடியாது. 1830இல் பூர்வகுடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே துரத்தும் சட்டத்தில் கையெழுத்துப் போட்ட ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன், அதே வருஷம் டிசம்பரில் காங்கிரசுக்கு அனுப்பிய உரையில் இந்த மேடுகளைக் காட்டினார். வல்லமையுள்ள ஓர் இனம் இங்கே இருந்து அழிந்தது, இப்போதிருக்கும் 'காட்டுமிராண்டிகள்' அந்த இடத்தில் வந்தவர்கள் என்பது அவர் வாதம். அவர்களே வந்தேறிகள், அப்புறம் துரத்தினால் என்ன பாவம்? மேடு யாருடையது என்ற கேள்விக்குள் நிலம் யாருடையது என்ற கேள்வி இருந்தது. 1894இல் சைரஸ் தாமஸ், மேடு மேடாக ஆராய்ந்த அறிக்கையில், கட்டினவர்கள் இதே பூர்வகுடிகளின் முன்னோர்தான் என்று நிறுவினார். 64 வருஷம். அதற்குள் நிலம் கைமாறி முடிந்திருந்தது.

பாவர்ட்டி பாயின்டில் இப்போது தோண்டாமலே தேடுகிறார்கள். ஒருமுறை கிளறிய மண், நெருப்புப் பட்ட மண், காந்தமானியில் வேறாகக் காட்டும். அப்படித்தான் அரைவட்டங்களுக்கு நடுவிலுள்ள வெட்டவெளியில், மரக்கம்பங்கள் நட்ட பெரிய பெரிய வட்டங்கள் தெரிய வந்தன. 2014இல் யுனெஸ்கோ அந்த இடத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

எனக்கு அங்கே பார்க்க ஆசை மேட்டை அல்ல. அது கல் கிடைக்காத ஊர். அதனால் களிமண்ணைக் கையில் பிசைந்து, உருட்டி, அந்த உருண்டைகளைச் சூடாக்கிக் குழியில் போட்டுச் சோறு ஆக்கியிருக்கிறார்கள். தோண்டும் இடமெல்லாம் அவை கிடைக்கின்றன. பிசைந்தவர்களின் விரல் அழுத்தம் பலவற்றில் அப்படியே இருக்கிறது.